ஹாஜறா பிழை பிடிக்கும் வரை

யூன் 9, திங்கள்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கே முற்றத்து மணல் வீட்டுக்குள். காயப்போட்ட தலையணை உறை ஒன்று பக்கத்து வளவு வேலியில்.

ஏறாவூர் போய் வந்தேன். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் ஹாஜறா வீட்டுக்குப் போவது பழைய வழக்கம். பெருநாளன்று போனால் வீடு நிறைய ஆட்கள். அவளுக்கு என்னோடு சண்டை பிடிக்க நேரம் கிடைக்காது.

கொண்டுபோனவை: கூனி இறால், முருங்கைக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம்.
கொண்டுவந்தவை: வட்டிலப்பம், பெரிய வெட்கம்.

வெட்கத்தை இங்கே இறக்கிவைக்கிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

டவுன் அச்சகத்தில் பத்தொன்பது வருடம் நான் தட்டச்சு, அவள் புரூப். என் ஒரு பக்கம்கூட அவள் மேசையிலிருந்து சுத்தமாகத் திரும்பியதில்லை. தனக்கு வரும் கலியாண அட்டையில்கூடச் சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுத்தான் கலியாணத்துக்குப் போவாள். அப்படிப்பட்டவளின் கண்ணைச் சர்க்கரை கொண்டுபோய் மூன்று வருடம். இப்போது போன் அவளுக்கு எல்லாம் வாசித்துச் சொல்கிறது. செய்தி, குர்ஆன் விளக்கம், மருமகளின் சமையல் சந்தேகங்கள், எல்லாம்.

அந்தத் துணிவில்தான் என் இணையத்தளத்தில் ஒவ்வொரு குறிப்பு போட்டதும் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று குறிப்புகள். வாவி, பஸ், மீன், மனிதர்கள், என் வாயில் வந்ததெல்லாம். "கரைப்பக்கம்" என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து ஒரே குரல் பதிவு: "நல்லா இரிக்கி கா."

பத்தொன்பது வருடம் என்னிடம் ஒருநாளும் "நல்லா இரிக்கி" என்று சொல்லாதவள், இப்போது அறுபத்து மூன்று தரம் சொல்கிறாள். எனக்குச் சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. நான் நன்றாக எழுதத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

இன்று தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது ஆசையாகக் கேட்டேன், கடைசிக் குறிப்பைப் போனில் ஒருமுறை போடு, நானும் கேட்கிறேன் என்று. மறுத்தாள். நானே அவள் போனை எடுத்துத் திறந்தேன். உள்ளே இருக்கும் பெண்குரல் வாய் திறந்தது:

"டீ எச் டீ பீ. கே செமிகோலன். எம்..."

"என்னகா இது, இங்கிலீசில ஏசுது?" என்றேன்.

"உன்ட எழுத்துத்தான்," என்றாள் ஹாஜறா. "ரெண்டு வருசமா இப்பிடித்தான் ஏசுறா."

பாமினி. என் விரலுக்குத் தெரிந்த ஒரே எழுத்துரு. திரையில் பார்த்தால் அழகான தமிழ். உள்ளே கிடப்பது முழுக்க ஆங்கில எழுத்து. பார்க்கிறவனுக்கு "வாவி". கேட்கிறவளுக்கு "டீ எச் டீ பீ".

"அது வாவி எண்டு மட்டும் கண்டுபிடிச்சன்," என்றாள். "நீ அடிக்கக்குள்ள எந்தக் கட்டையில விரல் போகும் எண்டு எனக்கு ஞாபகம். தலைப்பெல்லாம் அப்பிடி ஒவ்வொரு எழுத்தாக் கேட்டுக் கண்டுபிடிச்ச. மறுகா பொறுமை இல்ல."

"ஏன் செல்லல்ல நீ?"

"செல்லி? நீ அழுவாய். அழுதுபோட்டு எனக்காக எல்லாத்தயும் மாத்தப் போவாய். இரக்கம் பாக்கிறத்துக்கு இந்த வீட்டுல ஆள் நிறைய இரிக்கி. நீயும் வராத."

அழவில்லை. பஸ்ஸில் கொஞ்சம்.


யூன் 10, செவ்வாய்

காற்று அதே. கறி: முருங்கைக்காய், நேற்றைய மிச்சம்.

இரவெல்லாம் யோசித்ததில் தெளிந்தது ஒன்று. எனக்கு "நல்லா இரிக்கி" வேண்டாம். ஹாஜறாவின் வாயிலிருந்து ஒரு பிழை வேண்டும். ஒரே ஒரு பிழை. அது வந்தால்தான் அவள் வாசித்தாள் என்று அர்த்தம். அவள் வாசிக்காத எழுத்தை நான் ஏன் எழுத வேண்டும்?

ஹாஜறாவின் மருமகளிடம் எண் வாங்கி வாழைச்சேனை சேருக்குப் போன் எடுத்தேன். ஹா.வுக்குப் பேசும் போனைப் பழக்கிய ஆசிரியர் அவர்தான். அவருக்கும் பார்வை இல்லை. கிழமையில் மூன்று நாள் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போனிலேயே வகுப்பு நடத்துகிறார். தளத்தின் பெயரைச் சொன்னேன். "கொஞ்சம் பொறுங்க அக்கா, கேட்டுட்டு வாறன்" என்றார். பொறுத்தேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

அவர் சொன்ன குறைகள்:

1. எழுத்து. (தெரியும்.)
2. படங்கள் நூற்றுக்கு மேல். எல்லாவற்றுக்கும் போன் சொல்வது "படம்". "ஒரு சுவர் முழுக்கப் படம் மாட்டி, எங்களச் சுவருக்கு அங்கால நிப்பாட்டின மாதிரி."
3. "இங்கே அழுத்தவும்" முன்பக்கத்தில் மட்டும் பதினொன்று. எதை அழுத்தினால் எங்கே போகும் என்று தெரியாது.
4. தளம் திறந்ததும் தானாகப் பாடும் வாவி அலைச் சத்தம். "உங்கட அலைக்குள்ள எங்கட குரல் மூழ்கிப் போகுது அக்கா."

நாலாவது எனக்கு மனத்தாங்கல். அந்த அலையை நானே துறையடியில் குந்தியிருந்து பதிவு செய்தேன். மூன்று நாள். நுளம்புக்கடி வேறு.

"கேக்க நல்லாத்தான் இருக்கு," என்றார் சேர். "ஆனா எனக்கு உங்கட கதையல்லோ வேணும்."

என்ன மனுசன். கோபிக்கவும் முடியவில்லை.


யூன் 12, வியாழன்

மாற்றித்தரும் பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. பாமினியைப் போட்டால், போன் வாசிக்கக்கூடிய யூனிகோட் தமிழ் வரும். முதல் குறிப்பைப் போட்டேன், வந்தது. துள்ளினேன். பிறகு வாசித்தேன். நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொற்களையும் பாமினி என்று நினைத்து மாற்றிவைத்திருக்கிறது. மருந்தின் பெயர், பஸ் கம்பனியின் பெயர் எல்லாம் வாயில் நுழையாத தமிழ். ஒவ்வொன்றையும் கையால் திருத்த வேண்டும்.

நல்ல செய்தி: அதே பாமினிக் கட்டைகளில் விரலை ஓட்டி யூனிகோட் அடிக்கலாமாம்! விரலுக்குப் புதுப் பாடம் தேவையில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் தப்பியது. அடித்துப் பார்த்தேன். "வாவி." என் போனில் பேசும் குரலைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"வாவி," என்றாள் போனுக்குள் இருக்கிறவள்.

அடுப்படியிலிருந்து இவர், என் வீட்டுக்காரர்: "ஆரோட கதைக்கிறாய்?"

"வாவியோட" என்றேன். பிறகு கேத்தல் வைக்கும் சத்தம். முப்பத்தொரு வருடக் குடும்பம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

இன்று முடிந்தது: 5. மிச்சம்: 58.


யூன் 14, சனி

முடிந்தது: 17. உப்பு வாங்க வேண்டும்.

படங்களுக்கு விளக்கம் எழுதத் தொடங்கினேன். பார்வை இல்லாதவருக்குப் போன் அதை வாசிக்கும். முதல் படம்: "வாவி." இரண்டாவது: "வாவி." மூன்றாவது: "வாவி, மாலை." இவர் எட்டிப் பார்த்து, "எல்லாம் வாவிதானே, ஒண்டையே எழுதி ஒட்டன்" என்றார். சூடு வந்தது. நாலாவது படத்துக்கு இருபது வரி எழுதினேன். பொன்னொளி, மென்காற்று, அந்திவானம், எல்லாவற்றையும் கொட்டி. சேருக்கு அனுப்பினேன்.

சேர்: "அக்கா, கவிதை வேணாம். என்ன தெரியுது? அதச் சொல்லுங்க."

என்ன தெரிகிறது? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குருக்கள்மடத்துப் பாதை வள்ளம், ஆட்களை வாவிக்கு அக்கரையில் இறக்குவது. அந்தி வானத்துக்காக எடுத்த படம், இரண்டு வருடமாகத் தளத்தில் இருக்கிறது. இன்றுதான் கண்டேன், வள்ளத்தின் ஓரத்தில் ஒரு ஆடு. அதன் கயிற்றைப் பிடித்தபடி நித்திரை கொள்ளும் ஒரு ஆள். ஆடு நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

எழுதினேன்: "பாதை வள்ளம். ஓரத்தில் ஒரு ஆடு விழித்திருக்கிறது, அதைக் கொண்டுபோகிறவர் தூங்குகிறார். பின்னால் சிவந்த வானம்."

சேர் விழுந்து விழுந்து சிரித்துக் குரல் பதிவு அனுப்பினார். ஆட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு, நெற்றியில் வெள்ளை. அதையும் சேர்த்தேன்.

பகல் முழுக்கச் சந்தோசம். என் படத்தை நானே இன்றுதான் பார்த்தேன்.


யூன் 17, செவ்வாய்

முடிந்தது: 31. வலது மணிக்கட்டு நோகிறது. சித்தாலேப பூசினேன்.

பின்னணியில் கிடந்த வாவிப் படத்தை எடுத்தேன். அதன்மேல் வெளிறிய சாம்பல் எழுத்து, எனக்கு ஒரு காலத்தில் பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. இப்போது வெள்ளையில் கறுப்பு. எழுத்தையும் பெரிதாக்கினேன். பள்ளிக்கூடக் கொப்பி போல இருக்கிறது. இருக்கட்டும்.

பத்து மணிக்கு இவர் தன் போனோடு வந்து நின்றார். முகம் சிவந்து.

"நான் தோணியால விழுந்தத உலகத்துக்கே எழுதி வச்சிருக்கியா?"

இருபத்திரண்டாவது குறிப்பு. செட்டிபாளையம் துறையில் கூட்டாளிமாருக்கு வலை வீசிக் காட்டப் போனவர் வலையோடு சேர்ந்து தானும் போனது.

"அது ரெண்டு வருசமாக் கிடக்கு," என்றேன்.

"எழுத்துத் தெரிஞ்சாத்தானே! தண்ணிக்குள்ள எழுதின மாதிரிக் கிடந்திச்சி. நான் சும்மா படத்தப் பாத்துட்டு விட்டுருவன்."

ஆக, பார்வையுள்ள என் வீட்டுக்காரரும் வாசித்ததில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டே. நல்லது. மிக நல்லது.

"அதோட மூணு தரம் விழுந்தன் எண்டு எழுதியிருக்கிறாய். ரெண்டு தரம்."

"மூணு."

"மூணாவது நானாக் குதிச்ச."

பிறகு விறாந்தையில் குந்திக்கொண்டு ஒன்றாம் குறிப்பிலிருந்து தொடங்கினார். மதியம் ஒன்றரை வரை எழும்பவில்லை. சோறு ஆறிப்போனது. இடையிடையே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று அறிய மூன்று தரம் சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போய் வந்தேன்.


யூன் 20, வெள்ளி

அலைச் சத்தத்தை எடுத்துவிட்டேன். முழுக்க இல்லை. "வாவி அலையைக் கேட்க" என்று ஒரு பொத்தான். வேண்டியவர் கேட்கட்டும். முதல் ஆளாக நானே கேட்டேன்.

"இங்கே அழுத்தவும்" பதினொன்றும் போயிற்று. இப்போது: "மீன் சந்தைக் குறிப்புகள்", "பஸ்ஸில் கேட்டவை", "இவரைப் பற்றியவை". கடைசித் தலைப்பை மாற்றச் சொல்லி இவர் மனுப் போட்டிருக்கிறார். பரிசீலனையில்.


யூன் 22, ஞாயிறு

கோயில். பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. எதைப் பார்த்தாலும் விளக்கம் எழுத வருகிறது. "படம்: போதகர், வெள்ளை அங்கி, ஒரு கை உயர்த்தியபடி. இடது சப்பாத்தின் கயிறு அவிழ்ந்திருக்கிறது." ஆராதனை முடிந்ததும் அவரிடம் கயிற்றைச் சொன்னேன். நன்றியோடு குனிந்து கட்டினார். பிரசங்கம் எப்படி என்று கேட்டுவிடுவாரோ என்று விரைவாக வெளியே வந்துவிட்டேன்.

முடிந்தது: 55.


யூன் 25, புதன்

காற்றில்லை. வாவி அசையாமல் கிடக்கிறது.

63. முடிந்தது!!

எல்லாவற்றையும் போனின் குரலில் ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு. சில குறிப்புகள் மோசம். சில, வேறு யாரும் சொல்லியிருந்தால் நம்பமாட்டேன், நன்றாக இருக்கின்றன. மாலை 4.10க்கு ஹா.வுக்கு அனுப்பினேன். "எல்லாம் மாத்திட்டன், இப்ப தமிழில வாசிக்கும், கேட்டுட்டுச் சொல்லு."

4.11க்குப் பதில்.

"நல்லா இரிக்கி கா."

ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் அறுபத்து மூன்று குறிப்பா? திறந்தே பார்க்கவில்லை.

தேநீர் குடிக்க மனமில்லை. இவர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.


யூன் 26, வியாழன்

காலையில் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது பிடிபட்டது. பிழை என்னுடையது.

அச்சகத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. புரூப் தாளை ஹா.வின் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும். பக்கத்தில் நின்று "எப்படி இருக்கு?" என்று கேட்கக் கூடாது. கேட்டவர் எல்லாருக்கும், வாடிக்கையாளர், முதலாளி யாரானாலும், அவள் "நல்லா இரிக்கி" என்றுதான் சொல்வாள், ஆளை அனுப்பிவிட. பேசாமல் வைத்துவிட்டு வருகிறவருக்குத்தான் சிவப்புப் பேனை. இரண்டு வருடமாக நான் அவள் மேசையடியில் நின்று எப்படி, எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதோடு "உனக்காக மாத்திட்டன்" என்ற தொனி வேறு. வேண்டாம் என்று சொன்னதையே செய்துவிட்டு, நன்றி கேட்டு நிற்கிறேன்.

இனிக் கேட்பதில்லை. அனுப்புவதும் இல்லை.

இவர் ஒரு யோசனை சொன்னார்: "வேணுமெண்டு ஒரு பிழை விட்டு வை. தானா மாட்டுவா." யோசித்தேன். அது அவளை ஏமாற்றுவது. அதைவிட, தேவையும் இல்லை. என் கையில் பிழை தானாகவே வரும்.

அறுபத்து நாலாவது குறிப்பு எழுதினேன். அச்சகத்து ஆட்கள் ஒருநாள் பாசிக்குடா போனது. சோற்றுப் பொதியில் மணல், ஹாஜறா கடலுக்குள் நின்றபடியே ஒரு விளம்பரப் பலகையில் பிழை பிடித்தது. பழைய படம் ஒன்றும் போட்டேன். விளக்கம்: "கடற்கரையில் அச்சகத்தவர் ஐந்து பேர். நடுவில் நீலச் சேலையில் முக்காடிட்ட பெண், கை எதையோ சுட்டிக் காட்டுகிறது. அவள் பக்கத்தில் இருப்பவரின் முகம் குடைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது."

குடைக்குப் பின்னால் இருப்பது நான்.

தளத்தில் ஏற்றினேன். யாருக்கும் அனுப்பவில்லை. போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனேன்.


யூன் 28, சனி

ஒன்றுமில்லை. தேங்காய்ச் சம்பல். சேர் மட்டும் ஒரு பதிவு: தன் வகுப்புக்கு என் தளத்தைப் போட்டுக் காட்டினாராம். எல்லாருக்கும் ஆட்டைப் பிடித்துவிட்டதாம். ஓட்டமாவடிப் பெண் ஒருத்தி ஆட்டின் பின்கதையை எழுதச் சொல்கிறாளாம். அதற்கே ஒரு தரம் தனியாகச் சிரித்தேன்.

ஹா.விடமிருந்து ஒன்றுமில்லை. கேட்கவில்லை நான். எவ்வளவு கஷ்டம்!


யூன் 29, ஞாயிறு

ஒன்றுமில்லை. மீன்: செல்வன். பொரித்தது.


யூலை 1, செவ்வாய்

காலை 6.20. போன் அடித்தது. ஹாஜறா. ஸலாம் இல்லை, சுகம் கேட்கவில்லை.

"பேனையும் பேப்பரும் எடு."

எடுத்தேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்திருக்கிறது. அந்தத் தாளை இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

"மூணாவது குறிப்பு. 'காலையில்' எண்டு ஒரே பந்தியில நாலு தரம். உனக்கு வேற நேரமே தெரியாதா? ஏழாவது, கடைசிப் பந்தி தேவல்ல, வெட்டு. பதினொண்டு, ஏறாவூர்ச் சந்தைக்கு வழி செல்லியிரிக்கிறாய், அந்த வழியால போனா ஆள் வாவிக்குள்ளதான் விழுவான். உன்ட மாப்புள விழுந்த மாதிரி. அது ரெண்டு தரமா மூணு தரமா? ஒரு இடத்துல ரெண்டு, ஒரு இடத்துல மூணு."

(இவர் திருட்டுத்தனமாக ஒரு இடத்தில் மாற்றியிருக்கிறார். பிறகு பார்த்துக்கொள்கிறேன்.)

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். நான் எழுதிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் தாங்காமல் கேட்டேன்:

"அண்டைக்கு நல்லா இரிக்கி எண்டாயே?"

"அண்டைக்கு நான் திறக்கவே இல்ல. இரக்கத்துக்குச் செஞ்சிரிக்கிறாய் எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"பிறகு அந்த வாழைச்சேனையார் எடுக்கிறார். 'உங்கட கூட்டாளிட பக்கம் நல்லம் ஹாஜறா, ஆனா அங்க இங்க பிழை கிடக்கு, நான் சொல்லிக் குடுக்கட்டா' எண்டு. கேட்டியா கதய! உன்ட பிழையப் பிடிக்க அந்தாளுக்கு என்ன உரிமை? நான் என்ன மவுத்தாப் போயிட்டனா?"

போனைக் காதிலிருந்து எடுத்துத் தூரப் பிடித்துக்கொண்டேன், சிரிப்பு அவளுக்குக் கேட்காமல் இருக்க. கேட்டுவிட்டது.

"சிரிக்காத. பாசிக்குடாப் படம். நீலச் சேலை எண்டு எழுதியிரிக்கிறாய். பிழை. அது மயில்பச்சை."

"படத்துல நீலமாத்தானே கா தெரியுது."

"படம் வெளிறியிரிக்கும். கட்டினது நான்."

எழுதினேன்: மயில்பச்சை.

"இன்னொண்டு. பக்கத்துல நிக்கிறவட முகம் குடைக்குப் பின்னால எண்டு விட்டுட்டாய். அரைகுறை வேல. அவ சிரிச்சிக்கொண்டு நிக்கிறா எண்டு எழுது."

"அது தெரியாதே, முகம் மறைஞ்சிரிக்கே!"

"எனக்குத் தெரியும். பக்கத்துல நிண்டது நான்."

மயில்பச்சைக்குக் கீழே எழுதினேன்: சிரித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் மருமகள் பீங்கான் கழுவும் சத்தம்.

"எழுதிட்டியா?"

"ஓம்."

"இது இருபத்திரண்டாவது குறிப்பு வரைக்கும்தான், அதோட அந்தக் கடைசியும். நாப்பத்தொரு பிழை. மிச்சம் நாளைக்கு, இதே நேரம். ஆயத்தமா இரு." வைத்துவிட்டாள்.

மணி 7.35. இவருக்கு இன்னும் தேநீர் போடவில்லை. நீலப் பேனையால் எழுதியிருக்கிறேன், பார்க்கவே சரியில்லை. சந்திக் கடை எட்டரைக்குத்தான் திறக்கும். சிவப்புப் பேனை வாங்க வேண்டும், இரண்டு.